நீ சரியாகச் சொன்ன பதில்

என் மூத்த பிள்ளைக்கு,

இன்றைக்குப் படகு ஓடவில்லை. விடிந்ததிலிருந்து சோழகக் காற்று விடாமல் ஊதுகிறது. நெடுந்தீவு முழுவதும் வேலை வெட்டி இல்லாமல் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அப்பா நண்டு வலையைத் தொடவேயில்லை. முற்றத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு, காற்று எப்போது விழும் என்று தனக்குள்ளே கதைத்துக்கொண்டிருக்கிறார். எனக்குப் பள்ளிக்கூட விடுமுறை. நான் படிப்பிக்கிற மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் இரைச்சல் இல்லாத காதுக்குள் காற்றின் இரைச்சல் மட்டும்தான் கேட்கிறது. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தால் கண் சொருகும். விழித்திருக்கிறேனா நித்திரையா என்று தெரியாது. இப்படிப்பட்ட நாளில்தான் எனக்கு எழுத வரும்.

தொலைபேசியில் உன்னோடு கதைத்துப் பிரயோசனம் இல்லை. நான் வாயைத் திறக்குமுன்னே "நான் பாத்துக்கொள்ளுறன் அம்மா" என்று சொல்லிவிடுகிறாய். பிறகு ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்போடு கதை முடிந்துவிடும். கடிதத்தில் நீ குறுக்கே விழ முடியாது. ஆகவே விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மாதம் முடிய நீ மலைநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றுக்கு இன்டர்ன் வேலைக்குப் போகிறாய். போவதற்கு முன் நெஞ்சு வருத்தம் பார்க்கிற டொக்டர் ஒருவரிடம் போய், நோயாளியாக உட்கார்ந்து, நடந்ததை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியது இவ்வளவுதான். இனி நான் என்பாட்டில் நீட்டி எழுதப் போகிறேன். நான் கதை தொடங்கினால் எங்கே போய் நிற்பேன் என்று உனக்குத் தெரியும்தானே, பொறுமையாக வாசி.

நீ சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருவது உன் மூச்சுச் சத்தம். முகம் அதற்குப் பிறகுதான் வரும். ஆஸ்மா முட்டு தொடங்கினால் நீ படுக்க மாட்டாய். உன்னை நெஞ்சோடு நிமிர்த்தி வைத்துக்கொண்டு நான் வீட்டுக்குள்ளே நடப்பேன். உன் நெஞ்சுக்குள் யாரோ சின்னதாக ஒரு குழல் ஊதுவது எனக்கு என் நெஞ்சுக்குள் கேட்கும். மூச்சு இளகிய காலையில் உன்னைத் தூக்கிக்கொண்டு யாழ்ப்பாணத்துக் கிளினிக்குக்குப் போவேன். ஒரு நாள் துறையில் படகுக்குக் காத்திருந்தபோது, கற்களுக்கு இடையில் அலை புகுந்து விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. நீ தலையைச் சரித்துக் கேட்டுவிட்டு, "அம்மா, கடலுக்கும் முட்டோ?" என்றாய். "ஓம், அதுக்கும் முட்டுத்தான்" என்றேன். "அப்ப அதை ஆர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறது?" என்று கேட்டாய். "நாங்கள் போகேக்கை கூட்டிக்கொண்டு போவம்" என்றேன். படகில் ஏறியதும் நீ கையை வெளியே நீட்டித் தண்ணீரைத் தொட்டபடியே வந்தாய். கடலைக் கையில் பிடித்துக் கூட்டிப் போகிறாயாம். வெயில் தண்ணீரில் விழுந்து உன் முகமெல்லாம் மினுங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பயணம் முடியாமலே இருந்திருக்கலாம் என்று எனக்கு இப்போதும் தோன்றுவது உண்டு.

பிறகு நீ வளர்ந்தாய், முட்டு விட்டது. யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்தில் விடுதியில் சேர்ந்த பிறகு ஒரு தரமும் வரவில்லை. நான் மாதா கோவிலில் மெழுகுதிரி கொளுத்தினேன். நீ அந்த வருத்தத்தை உன் பழைய சப்பாத்துகளோடு சேர்த்து வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனாய். யாராவது கேட்டால், "அது சின்னனிலை இருந்தது" என்று சொல்லப் பழகினாய். நானும் அப்படித்தான் சொன்னேன். எங்கள் இரண்டு பேருக்கும் அப்படிச் சொல்வது பிடித்திருந்தது.

மருந்து விஷயத்தில் இந்தத் தீவு எப்படி என்று உனக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை. யாராவது பட்டினத்துக்குப் படகேறினால், ஆளுக்கொரு வெறும் குளிசைக் காட்டை, அந்த மாத்திரை அட்டையை, அவர் கையில் திணித்துவிடுவோம். உள்ளே குளிசை இருக்காது, பின்பக்கத்துப் பெயர் மட்டும் இருக்கும். "உதைக் காட்டினா பார்மசியிலை தருவினம்" என்போம். மீனுக்கு ஐஸ் வாங்கப் போகிறவருடைய சட்டைப் பையில் அரைவாசித் தீவின் வருத்தம் மடித்துக் கிடக்கும். ஒருவருக்குச் சுகமாகி மிஞ்சிய குளிசை வேலிக்கு மேலால் அடுத்த வீட்டுக்குப் போகும், கறி கொடுத்துவிடுவது மாதிரி. டொக்டரைக் காண அரை நாள் வேண்டும், காற்றுக் காலத்தில் பட்டினத்து டொக்டரைக் காண இரண்டு நாளும் போகும். ஆகவே நாங்கள் அப்படிப் பழகிவிட்டோம். நீ மருத்துவபீடத்துக்கு எடுபட்டபோது, இனி எங்கள் வீட்டிலிருந்து ஒரு வெறும் காட்டும் படகேறாது என்று நான் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். பெரிய வாய் எனக்கு.

உன் போர்டிங்குக்கு நான் ஒடியல் மாவும் கருவாடும் கொண்டு வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? உங்கள் அறை நடுவில், புத்தகங்களுக்கு மேலே, ஒரு பெரிய பிஸ்கட் டின். பிஸ்கட் இருக்குமாக்கும் என்று திறந்தேன். அதற்குள் வெட்டின காட்டுகள், அரைக் காட்டுகள், மருந்துக் கொம்பனிக்காரர் கொடுத்துவிட்டுப் போன சின்னச் சின்னப் பெட்டிகள். ரப்பர் வளையம் போட்டுக் கட்டி, ஒவ்வொரு கட்டிலும் பேனையால் எழுதிய துண்டு. ஒன்றில் "நித்திரை" என்று இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்றில் "நித்திரை வேண்டாம்" என்று இருந்தது. எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. உன் அறைத் தோழன் கஜன் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து, பெரிய மனிதன் மாதிரி விளக்கம் சொன்னான்.

"அன்ரி, இது எங்கட பொதுச் சொத்து. ஆருக்கு என்ன மிஞ்சினாலும் இதுக்கை போட வேணும். சீனியர்மார் எங்களுக்குத் தந்தவை, நாங்கள் ஜூனியருக்குக் குடுப்பம்."

"உங்களுக்கு வருத்தம் வந்தா டொக்டரிட்டப் போறேல்லையோ?"

"ஆரிட்டப் போறது அன்ரி? இண்டைக்கு என்ர தொண்டையைப் பாக்கிற சேர்தான் நாளைக்கு எனக்கு வைவா வைப்பார். உந்தச் சின்ன இருமலுக்கே ஓடி வந்தவன் எண்டு மனசிலை வைச்சிருந்தாரெண்டா?"

"வைவா" என்று எழுதிய கட்டை அப்போதுதான் கண்டேன். வாய்மொழிப் பரீட்சைக்கும் குளிசையோ என்று கேட்டேன். "நெஞ்சுப் படபடப்புக்கு அன்ரி. முதலே ஒண்டு போட்டிட்டுப் போனா கை நடுங்காது, குரல் நடுங்காது" என்றான் கஜன். நீ யன்னலோடு நின்று, "படிச்சதை எங்களிலைதானே முதல் செய்து பாக்கலாம்" என்று சொன்னாய். எல்லோரும் சிரித்தீர்கள், நானும் சிரித்தேன். வெளியே வேப்பமரம் ஆடிக்கொண்டிருந்தது. கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு நடுவில் இருக்கிறேன் என்ற சந்தோஷத்தில் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எனக்கு ஒருவித மயக்கமாகவே இருந்தது.

உன் கடைசி வைவா நாள் எனக்கு ஒரு கனவைத் திரும்பத் திரும்பக் காண்பது மாதிரி வந்து வந்து போகிறது. கொஞ்சம் நானே கண்டது, கொஞ்சம் நீ பிறகு சொன்னது, கொஞ்சம் படகில் வந்த சனம் சொன்னது. மத்தியானம் நீ போன் எடுத்து, "முடிஞ்சுது அம்மா, வாறன்" என்றாய். உன் குரல் அவ்வளவு ஆறுதலாக இருந்தது. அப்பா பெரிய நண்டாகப் பார்த்து எடுத்து வைத்திருந்தார்; நான் குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டு, வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டிருந்தேன். நீ பஸ்ஸில் ஏறியதும் நித்திரையாகிவிட்டாயாம். மண்கும்பானில் ஒரு தரம் கண் திறந்து கடலைக் கண்டாயாம். புங்குடுதீவுக்குப் பாலம் ஏறியது கூடத் தெரியாதாம். அப்படி ஒரு நல்ல நித்திரை பல மாதமாக வரவில்லை என்று சொன்னாய்.

குறிகட்டுவான் துறையில் படகு நிறையச் சனம். உனக்குப் பின்பக்கம்தான் இடம் கிடைத்தது, எஞ்சின் புகைக்கு நேரே. காற்று எழும்பி, தண்ணீர் அடித்து, நனைந்து போனாய். பாதிக் கடலில் நெஞ்சு இறுகத் தொடங்கியது. களைப்பு என்று நினைத்தாயாம். பிறகு, நான் சண்டை பிடித்துப் பையில் வைப்பித்த மூச்சு மருந்துப் பம்ப்பை எடுத்து இழுத்தாய். அது கேட்கவில்லை. திரும்ப இழுத்தாய், அதற்கும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த எங்கள் தெருவுக்கார மரியம்மா அக்கா அந்த நேரம் பார்த்துத் தன் முழங்கால் நோவுக்கு எந்தக் குளிசை நல்லது என்று உன்னைக் கேட்டிருக்கிறா. நீ மூச்செடுக்க முடியாமல் இருந்துகொண்டு, ஒவ்வொரு சொல்லாகப் பதில் சொல்லியிருக்கிறாய். "தம்பி குளிருக்கு நடுங்குது எண்டுதான் நினைச்சனான், பாவி நான்" என்று அவ பிறகு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதா. எனக்கு உன்மேல்தான் கோபம் வந்தது. அக்காவின் முழங்காலுக்குப் பதில் சொன்ன வாய், "எனக்கு ஏலாமல் கிடக்கு" என்று ஒரு சொல் சொல்லவில்லையே.

துறையில் நின்ற அப்பா உன் தோள் ஏறி இறங்குவதைக் கண்டு பையைக் கூட வாங்கவில்லை. உன்னைக் கைத்தாங்கலாகப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினார். நான் நண்டுக் கறியை அடுப்பிலே விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது, உன் முகத்தைப் புகை மருந்து மாஸ்க் மூடி இருந்தது. அன்று கடமையில் இருந்த டொக்டர் இளம் பிள்ளை, உனக்குச் சில வருடம் மூத்தவவாக இருப்பா. அவ உன் முதுகில் கை வைத்தபடி கேட்டா.

"தம்பி, இண்டைக்கு வேற குளிசை ஏதும் எடுத்தனீங்களோ?"

நீ இல்லை என்று தலையை ஆட்டினாய்.

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. ஒண்டும் எடுக்கேல்லையோ?"

திரும்பவும் ஆட்டினாய். அவ இன்னொரு தரம் மருந்து போட்டா. காத்திருந்தா. "இந்நேரத்துக்கு இளகியிருக்க வேணுமே" என்று தனக்குள்ளே சொன்னா. உன் உதடு நிறம் மாறிக்கொண்டு வந்தது. யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பப் படகைக் கேட்டார்கள். கடல் விடாது என்று பதில் வந்தது. நான் உன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் வகுப்புப் பிள்ளைகள் பொய் சொல்லும்போது என் தலைக்கு மேலே, கரும்பலகையின் மேல் விளிம்பைப் பார்ப்பார்கள். நீ டொக்டரின் தலைக்கு மேலே சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் வெளியே வந்து கஜனுக்குப் போன் எடுத்தேன்.

"தம்பி, அவன் இண்டைக்கு என்ன குளிசை எடுத்தவன்? ஒளிக்காமல் சொல்லு."

"அன்ரி, வைவாவுக்கு முதல் ஒண்டு போட்டவன். பிறகும் கை நடுங்குது எண்டு இன்னுமொண்டு."

"அது முட்டுக்காரருக்கு என்ன செய்யும்?"

"நெஞ்சை இறுக்கும் அன்ரி. பம்ப்பும் வேலை செய்யாது." பிறகு மெதுவாகச் சொன்னான்: "அவனுக்குத் தெரியும் அன்ரி."

உனக்கு முன்னாலேயே டொக்டரிடம் சொன்னேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய். அவ ஏசவில்லை, முகம் சுளிக்கவும் இல்லை. மருந்தை மாற்றினா, வேறொன்று சேர்த்தா, ஊசி போட்டா, கதிரையை இழுத்து உன் பக்கத்திலேயே இருந்தா. கொஞ்சம் கொஞ்சமாக உன் தோள் இறங்கத் தொடங்கியது. பிறகு விறாந்தையில் நான் நன்றி சொன்னபோது அவ என் முகத்தைப் பார்க்காமல், "நானும் என்ர வைவாவுக்குப் போட்டனான் அம்மா. எங்கட பட்ச்சிலை முக்கால்வாசிப் பேர் போட்டவை. எனக்கு முட்டு இல்லை, அதாலை தப்பினனான்" என்றா. ஒரு தலைமுறையே இப்படி நடுக்கத்தை விழுங்கிக்கொண்டு டொக்டராகி வருகிறதா என்று எனக்குத் தலை சுற்றியது.

மாலை வெயில் யன்னலால் வந்து உன் கட்டிலில் விழுந்திருந்தது. ஒட்சிசன் குழாயில் தண்ணீர் கொப்பளிக்கும் சத்தமும் வெளியே காற்றும் சேர்ந்து, நாங்கள் இரண்டு பேரும் எங்கோ மெதுவாக மிதந்து போவது மாதிரி இருந்தது. நீ அரை நித்திரையில் இருந்தாய். உன் மூச்சு என் உள்ளங்கையில் பட்டுப் பட்டுப் போனது. நீ திடீரென்று, கண் திறக்காமலே கதைத்தாய்.

"அம்மா, வைவாவிலை சேர் அதைத்தான் கேட்டவர்."

"எதை ராசா?"

"அந்தக் குளிசையை. அது ஆருக்குக் குடுக்கக்கூடாது எண்டு கேட்டவர்."

"நீ என்ன சொன்னனீ?"

"முட்டு இருக்கிற ஆக்களுக்கு எண்டு சொன்னனான். முதலாவதா அதைத்தான் சொன்னனான். வெரி குட் எண்டவர்."

உன் கண்ணோரத்தால் தண்ணீர் வழிந்து தலையணையில் இறங்கியது. எனக்கு உன்னை ஓங்கி ஓர் அறை அறைய வேண்டும் போலவும், தூக்கி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் உன் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன். அந்தக் குளிசை வயிற்றுக்குள் கரைந்துகொண்டிருக்க, நடுங்காத கையோடும் நடுங்காத குரலோடும் நீ சரியான பதில் சொல்லியிருக்கிறாய். அந்தப் பதிலில் வந்த முட்டுக்காரன் யார் என்று உனக்கு ஒரு கணமும் தோன்றவில்லையா? எங்கோ ஒரு வார்ட்டில், எங்கோ ஒரு கட்டிலில் கிடக்கிற யாரோ ஒரு மனிதன் என்றுதான் நினைத்திருப்பாய். வருத்தம் எல்லாம் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு வருவது என்று உங்களுக்கு எப்போது, யார் சொல்லித் தந்தார்கள்?

அதோடு விட்டிருந்தால் நான் இந்தக் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். நீ வீட்டுக்கு வந்தாய், நண்டுக் கறி தீய்ந்ததற்கு என்னைப் பகிடி பண்ணினாய், விசாரிக்க வந்தவர்களிடம் "காத்து ஒத்துக்கொள்ளேல்லை" என்றாய். நானும் வாயை மூடிக்கொண்டு தேத்தண்ணி ஊற்றினேன். திரும்பிப் போகிற அன்று காலையில் உன் நெஞ்சு விசிலடிப்பது குசினி வரை கேட்டது. எனக்கு அந்தச் சத்தம் காதால் கேட்கத் தேவையில்லை, உடம்பு முழுக்கக் கேட்கும். எட்டிப் பார்த்தேன். நீ பைக்குள் கையை விட்டு, பெயரைக் கூடப் பார்க்காமல், ஒரு காட்டிலிருந்து எதையோ உடைத்து விழுங்கிவிட்டு, "அம்மா, தேத்தண்ணி போட்டாச்சோ?" என்று கேட்டாய். "என்ன குளிசை அது?" என்றேன். "சும்மா, சளிக்கு. நான் பாத்துக்கொள்ளுறன்" என்றாய். அந்த இடத்தில்தான் எனக்கு விளங்கியது, நீ பயந்தது எல்லாம் அன்றைய மாலையோடு முடிந்துபோய்விட்டது என்று.

நீ போகிற இடத்தில் பனி இறங்கும். ஈரம் சுவரில் ஊறும். நித்திரை கிடையாது, நேரத்துக்குச் சாப்பாடு கிடையாது, யாராவது ஏசிக்கொண்டே இருப்பார்கள். நெஞ்சு இறுகும், கை நடுங்கும். அப்போது மருந்து அலுமாரியின் சாவி உன் கையிலேயே இருக்கும். பிஸ்கட் டின்னுக்குக் கூட ஒரு அடி உண்டு, அந்த அலுமாரிக்கு அடி இல்லை. எனக்கு அதை நினைத்தால் பயமாக இருக்கிறது, மோனை. கடலில் அப்பா இருக்கும்போது கூட நான் இப்படிப் பயந்ததில்லை.

நான் ஒரு காரியம் செய்தேன், கேள். உன்னுடைய போன் வைத்தியத்தை நிறுத்திவிட்டேன். என் பிரஷர் குளிசையை எத்தனை மாதமாக நீ கம்பஸ் விறாந்தையில் நடந்தபடி சொல்ல நான் விழுங்கினேன்? போன கிழமை இங்கே கிளினிக்குக்குப் போனேன். முறைக்குக் காத்திருக்கிற வாங்கில் சனத்தோடு சனமாக உட்கார்ந்திருந்தேன். என் முறை வந்தபோது அந்த டொக்டர் பிள்ளை என் கையை எடுத்துத் தன் கையில் வைத்து நாடியைப் பார்த்துக்கொண்டிருந்தா. வெளியே பனையோலை சரசரத்தது. சமைக்கத் தேவையில்லை, படிப்பிக்கத் தேவையில்லை, யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை. வேறொருவர் என்னைப் பார்த்துக்கொள்கிறார், நான் சும்மா இருந்தால் போதும். எனக்கு அந்தக் கதிரையை விட்டு எழும்ப மனம் வரவில்லை. நீ சொன்ன குளிசை பிழையில்லையாம், அளவை மட்டும் குறைத்தா. உனக்குக் கோபம் வந்தால் வரட்டும். எனக்கு நீ பிள்ளையாக இருந்தால் போதும்.

உனக்கு அந்தச் சுகம் தெரியாது. கிளினிக்கில் என் மடியில் இருந்த காலத்துக்குப் பிறகு, அந்த ஒரு மாலையைத் தவிர, யாரும் உன் நெஞ்சில் காது வைத்துக் கேட்டதில்லை, கேட்க நீ விட்டதுமில்லை. முட்டைப் பற்றிச் சொல்லு. குளிசையைப் பற்றிச் சொல்லு. அதோடு, உன் கை ஏன் இவ்வளவு நடுங்குகிறது என்பதையும் சொல்லு. அது எப்போது தொடங்கியது, எத்தனை பரீட்சைக்கு விழுங்கினாய், நித்திரைக்கும் ஏதும் எடுக்கிறாயா, எல்லாவற்றையும் சொல்லு. என்னிடம் சொல்லத் தேவையில்லை. இந்தத் தீவில் ஒவ்வொரு வீடும் உன்னை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறது, முதல் ஆளாக நானே நிற்கிறேன்; அது ஒரு பிள்ளையின் தோளுக்குப் பெரிய பாரம் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் சொல்கிறேன், எங்களில் ஒருவரும் இல்லாத ஓர் அறையில் போய் அதை இறக்கி வை.

உனக்குச் சாக்குப் போக்கு வராதபடி ஏற்பாடும் செய்துவிட்டேன். கஜனைக் கொண்டே வெள்ளிக்கிழமைக்கு ஒரு நெஞ்சு டொக்டரிடம் நம்பர் எடுப்பித்தேன். அவர் உன்னைப் படிப்பித்தவர் இல்லை, உனக்கு ஒரு நாளும் பரீட்சை வைக்கப் போகிறவரும் இல்லை. அதை முதலே விசாரித்துவிட்டுத்தான் எடுத்தோம். கஜனும் தனக்கென்று இன்னொரு நம்பர் எடுத்திருக்கிறான், ஏனென்று நான் கேட்கவில்லை. காற்று விழுந்தவுடன் முதல் படகில் இந்தக் கடிதம் வரும், அடுத்ததில் நானும் வருகிறேன். என்னை மறிக்காதே, அப்பாவாலேயே முடியவில்லை. உன்னோடு உள்ளே வரமாட்டேன். நீ வெளியே வந்த பிறகு அவர் என்ன கேட்டார், நீ என்ன சொன்னாய் என்று ஒரு சொல்லும் கேட்கமாட்டேன். சத்தியம்.

வாங்கில் உனக்குப் பக்கத்தில் மட்டும் இருப்பேன். கொஞ்ச நேரத்தில் ஒரு நேர்ஸ் கதவைத் திறந்து உன்னைக் கூப்பிடுவா. முன்னால் டொக்டர் என்று சேர்க்கமாட்டா, நானும் அப்பாவும் உனக்கு வைத்த பெயரை மட்டும் சொல்லிக் கூப்பிடுவா. எழும்பிப் போ, ராசா.